பக்கத்து நாற்காலி – கடிதம்

அன்புள்ள சார்,

வட கரோலினாவில் கேரி நகரத்தில் இருபது வருடமாக இருக்கிறோம். வட கரோலினா பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளராக இருந்த டீன் ஸ்மித் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில் ‘முப்பது வருடம் உதவியாளராக அவர் பக்கத்து நாற்காலியில் இருந்த பில் கத்ரிஜ்’ என்று ஒரு வரி வருகிறது. அதற்கு மேல் எனக்குப் படிக்க ஓடவில்லை.

என் மகனுக்கு வயது 25. புள்ளியியல் படித்தவன். இப்போது ஒரு சின்னக் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்கு உதவிப் பயிற்சியாளர். எதிரணி ஆடிய வீடியோவை விடிய விடியப் பார்த்துக் குறிப்பு எழுதுகிறான். சம்பளம் வாடகைக்கே பற்றாது, மாதாமாதம் நாங்கள் அனுப்புகிறோம். அவன் என்ன வேலை பார்க்கிறான் என்று ஊரில் என் அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. “எப்பப்பா ஹெட் கோச் ஆவே?” என்று கேட்டேன். “ஆகணும்னு என்னப்பா கட்டாயம்?” என்கிறான். வாழ்நாள் முழுக்க இரண்டாவது ஆளாகவே இருப்பது ஒரு தொழிலா சார்? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு தகப்பன்

அன்புள்ள நண்பருக்கு,

கத்ரிஜை ஒரே வரியில் கடந்து போனது என் தவறு. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் அது உறைத்தது. அவரைப் பற்றிச் சொல்லிவிட்டு உங்கள் மகனிடம் வருகிறேன்.

கன்சாஸ் மாநிலத்தில் பார்சன்ஸ் என்ற சிற்றூரில் 1937-இல் பிறந்தவர். கன்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டெக்ஸ் வின்டரிடம் ஆட்டம் கற்றார். 1958-இல் ஃபைனல் ஃபோர் வரை, அதாவது தேசியப் போட்டியின் கடைசி நான்கு அணிகளில் ஒன்றாக, போன அணியில் அவரும் உண்டு. பிறகு அதே வின்டரிடம் ஐந்து வருடம் உதவியாளர். 1967-இல் வட கரோலினா பல்கலைக்கழகம் இருக்கும் சேப்பல் ஹில்லுக்கு வந்து டீன் ஸ்மித்திடம் சேர்ந்தார். அப்புறம் 30 வருடம் அசையவில்லை. பையன்களுக்கு அவர் ‘கோச் கட்’. உயரமான ஆட்டக்காரர்களைப் பழக்குவது, கூடையை நோக்கிப் பந்தை விடும்போது கையும் விரலும் எப்படி இருக்க வேண்டும் என்று திருத்துவது எல்லாம் அவர் பொறுப்பு. 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் அமெரிக்கா தங்கம் வென்றபோதும், 1982-இலும் 1993-இலும் வட கரோலினா தேசியப் பட்டம் வென்றபோதும் ஸ்மித்தின் பக்கத்தில் அவர் இருந்தார்.

வேறு போக்கிடம் இல்லாமல் உட்கார்ந்திருந்தார் என்று நினைத்துவிடாதீர்கள். 1978-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டது. ஒத்துக்கொண்டும்விட்டார். கிளம்பி விமான நிலையம் வரை போனவர் மனம் மாறித் திரும்பி வந்துவிட்டார். அப்போது அவருக்கு நாற்பது வயது. கைக்கு வந்த பதவியை விட்டுவிட்டுப் பழைய நாற்காலிக்கே திரும்பும் மனிதரைத் துணிச்சல் இல்லாதவர் என்று சொல்பவர்கள் இருப்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தனக்கு எது நன்றாக வரும், யாரோடு இருந்தால் வரும் என்று தெரிந்தவர் அவர்.

‘தொழிலா’ என்று கேட்டீர்கள். அந்த நாற்காலியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். பெரிய கல்லூரி அணி ஒரு பருவத்தில் முப்பது ஆட்டம் போல ஆடும். எதிரணிகளை உதவிப் பயிற்சியாளர்கள் ஆளுக்கு இத்தனை என்று பிரித்துக்கொள்வார்கள். “இந்த ஸ்கௌட் என்னோடது” என்பார்கள். தன் பங்குக்கு வந்த அணியின் கடைசி நாலைந்து ஆட்டங்களை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர்களுடைய பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துபவன், இடது பக்கம் பந்தைத் தட்டிக்கொண்டு போனால் பாஸ் கொடுப்பானா, தானே போடுவானா? டைம் அவுட் முடிந்து வந்ததும் முதலில் எந்த ப்ளே, அதாவது பழகி வைத்த எந்த நகர்வு? அவர்கள் கோச் முஷ்டியைத் தூக்கினால் என்ன அர்த்தம்? கண்ணில் ஐம்பது விஷயம் படும். ஐம்பதையும் சொன்னால் இருபது வயதுப் பையனின் தலையில் ஒன்றும் நிற்காது. எந்த மூன்றைச் சொல்வது என்று தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும். உங்கள் மகன் விடிய விடியச் செய்வது இதைத்தான். மறுநாள் “அவனை இடது பக்கம் விடாதே” என்று ஹெட் கோச் கத்துவார். டிவியில் நமக்கு அந்தக் குரல் மட்டும் கேட்கும்.

ஒருமுறை அமெரிக்காவில் ஒரு சிறிய கல்லூரியின் ஆட்டத்தை, பெஞ்சுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். டைம் அவுட் கேட்டதும் ஹெட் கோச் ஆட்டக்காரர்களிடம் போகவில்லை. நாலடி தள்ளி நின்றார். உதவியாளர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். அதில் சின்ன வயதுக்காரர் ஒருவர், கையிலிருந்த மடித்த தாளைப் பார்க்காமலே இரண்டு வாக்கியம் சொன்னார். பத்து நொடி இருக்கும். பெரியவர் தலையாட்டிவிட்டுப் போய் அதையே பலகையில் கோடு போட்டுக் காட்டினார். ஆட்டம் தொடங்கியது. எதிரணி அதே ப்ளேயை ஓடியது. இந்தப் பக்கத்துப் பையன் முன்கூட்டியே போய் நின்று பந்தைத் தட்டிவிட்டான். கூட்டம் எழுந்து கத்தியது. அந்த இளைஞர் தாளில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனார். அந்த முகத்தை நான் மறக்கவில்லை.

கத்ரிஜ் கதையின் மீதி. 1997 அக்டோபரில், பயிற்சி தொடங்கும் தறுவாயில், 879 வெற்றிகளோடு ஸ்மித் விலகினார். வெளியே ஆள் தேட நேரமே இல்லை. அறுபது வயதில் கத்ரிஜ் தலைமைக்கு வந்தார். முதல் பருவத்தில் 34 வெற்றி, 4 தோல்வி, ஃபைனல் ஃபோர். அந்த அணியில் முதல் ஐவராக இறங்கத் தகுதியுள்ளவர்கள் ஆறு பேர் இருந்தார்கள். ஆன்டவான் ஜேமிசன், வின்ஸ் கார்ட்டர் எல்லாம் அதில் உண்டு. யாரை வெளியே வைப்பது? முறை வைத்துவிட்டார். ஆட்டத்துக்கு ஆட்டம் ஒருவர் பெஞ்சில் இருந்து தொடங்குவார், அடுத்த ஆட்டத்தில் வேறொருவர். முப்பது வருடம் பக்கத்து நாற்காலியில் இருந்தவருக்கு இந்த யோசனை வந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. மூன்று பருவம், இரண்டு ஃபைனல் ஃபோர், 80 வெற்றி, 28 தோல்வி. 2000-இல் போதும் என்று விலகிக்கொண்டார். 2015 பிப்ரவரியில் ஸ்மித் இறந்தார். அதே வருடம் மே மாதம் கத்ரிஜும் போய்விட்டார்.

அவருடைய வாத்தியார் டெக்ஸ் வின்டரையும் சொல்ல வேண்டும். பல கல்லூரி அணிகளுக்குத் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர், அறுபது தாண்டி 1985-இல் சிகாகோ புல்ஸ் என்ற தொழில்முறை அணியில் உதவியாளராகச் சேர்ந்தார். புல்ஸ் ஆறு பட்டம் வென்றது மூன்று பேர் முக்கோணமாக நின்று பந்தைக் கைமாற்றும் அவருடைய ட்ரையாங்கிள் முறையை ஆடித்தான். 2011-இல் கூடைப்பந்தின் பெரியவர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்ந்தது.

சரி, இப்போது சம்பளம். இதில் உங்கள் கவலை நியாயமானது, மகனின் ஆசைக்காக இதை நான் மழுப்பப் போவதில்லை. ராய் வில்லியம்ஸ் 1978-இல் அதே சேப்பல் ஹில்லில் உதவியாளராகச் சேர்ந்தபோது வருடச் சம்பளம் 2,700 டாலர். குடும்பத்தை ஓட்ட அணியின் காலண்டர்களை ஊர் ஊராக விற்றார். பின்னாளில் மூன்று தேசியப் பட்டம் வென்றார் என்பதால் இன்று அதை உருக்கமான கதையாகச் சொல்கிறார்கள். காலண்டர் விற்றுவிட்டுக் காணாமல் போனவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை.

இதைவிட மோசம், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ கொண்டுவந்து 1992-இல் அமலான விதி. கூடைப்பந்து அணியில் ஓர் உதவியாளருக்குக் கல்வியாண்டில் 12,000, கோடையில் 4,000 டாலர், அதற்கு மேல் டிவிஷன் ஒன் என்ற மேல்மட்டப் பிரிவில் எந்தக் கல்லூரியும் கொடுக்கக் கூடாது. அதற்கு முன் 60,000, 70,000 வாங்கியவர்களும் அதில் மாட்டினார்கள். அவர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த விதி சட்டவிரோதம்தான் என்றது. 1999-இல் என்சிஏஏ 54.5 மில்லியன் டாலர் கொடுத்துச் சமாதானம் ஆனது. ஒரு வேலையின் மேல் ஒருவனுக்கு இருக்கும் ஆசையைக் காட்டி அவன் கூலியைக் குறைப்பது அநியாயம். எனக்கு இன்றைக்கும் இதை நினைத்தால் கோபம் வருகிறது.

ஆகவே ‘எப்போது ஹெட் கோச்’ என்று மகனிடம் கேட்காதீர்கள். ஒப்பந்தம் எத்தனை மாதம், மருத்துவக் காப்பீடு உண்டா, ஹெட் கோச்சை அனுப்பினால் உன் கதி என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் அவரோடு உதவியாளர்களும் வெளியேற வேண்டியிருக்கும். டிவிஷன் ஒன்றுக்குப் போகும் எண்ணம் இருந்தால் இன்னொன்று. 2023-இல் அங்கே ஆடுகளத்தில் பயிற்சி கொடுக்கக் கூடுதலாக இரண்டு பேரை வைத்துக்கொள்ளலாம் என்று விதி வந்தது. ஆனால் அந்த இருவரும் வெளியூர் போய் ஆட்டக்காரர்களைத் தேடக் கூடாது என்று அப்போது நிபந்தனை இருந்தது. தேடிப் பிடிப்பவருக்குத்தான் சம்பளம் ஏறும், எனவே எந்த இடம் தருகிறார்கள் என்பதை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்று பாருங்கள். கத்ரிஜுக்கு ஸ்மித் கிடைத்தார்.

ஒரு சனிக்கிழமை போய் அவன் பெஞ்சுக்குப் பின்னால் உட்காருங்கள். டைம் அவுட்டில் அவனைப் பாருங்கள். அப்புறம் ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொல்லிவிடுங்கள், பேரன் வாத்தியார் வேலை பார்க்கிறான் என்று. அவர்களுக்குப் புரியும்.

அன்புடன்