நெலத்த அடமானம் வெக்காதீங்க சார், அந்த எல்என்பிய பாருங்க

நெல்லிக்குப்பம் சார், உங்க வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். பொண்ணோட கட்-ஆஃபுக்கு கவுன்சிலிங்லயே ஈசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) வந்துரும், ஆனா சென்னை சித்தப்பா ஏஐ கோர்ஸ்தான் எதிர்காலம், மேனேஜ்மென்ட் கோட்டால போடுன்றாரு, கரும்பு பணம் பத்தாது, நெலத்த அடமானம் வெக்கலாமான்னு கேக்குறீங்க. கவலப்படாதீங்கன்னுதான் சொல்ல வந்தேன், ஆனா அடமானம்னதும் அது வாய்ல வரல. வெக்காதீங்க. வட்டி கட்டப்போறது சித்தப்பா இல்ல.

அதே மெசேஜ்ல, மாடி டிஷ் முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்குமே, சிக்னல் புடிக்கிற அந்த எல்என்பி டப்பா, அத கழட்டி உள்ள என்னன்னு பாக்குறாளேன்னு பொண்ண திட்டுனீங்களே, எனக்கு அதான் விஷயமே. அந்த எல்என்பி சேட்டிலைட்டோட 11, 12 கிகாஹெர்ட்ஸ் சிக்னல பெருக்கி, கேபிள்ல போற அளவுக்கு ஃப்ரீக்வென்சிய எறக்கி வீட்டுக்குள்ள அனுப்புது. இதே வேலைய 100, 200 கிகாஹெர்ட்ஸ்ல, நட்சத்திரம் பொறக்குற வாயு மேகத்துலேர்ந்து வர்ற சிக்னலுக்கு செஞ்சா அதான் மில்லிமீட்டர் அலை ரேடியோ டெலஸ்கோப் ரிசீவர். அந்த சிக்னல் ரொம்ப சன்னம், ரிசீவரோட சொந்த சூடு போடுற இரைச்சல்லயே முங்கிடும், அதனால ஹீலியம் கூலர் வெச்சு மைனஸ் 269 டிகிரி வரைக்கும் குளிர வெக்கிறாங்க. நியோபியம்னு ஒரு உலோகம், மைனஸ் 264க்கு கீழ சூப்பர்கண்டக்டர் ஆயிடும், அதாவது கரண்டுக்கு தடையே இருக்காது, அதுல செய்ற மிக்ஸர்தான், ஃப்ரீக்வென்சிய எறக்குற பாகம், உள்ள உக்காந்துருக்கு. 100 கிகாஹெர்ட்ஸ் பக்கம் வேவ்கைடு, அதான் சிக்னல் போற உலோகக் குழாய், அதோட ஓட்டையே 2.54க்கு 1.27 மில்லிமீட்டர்தான், அத மைக்ரான் கணக்குல கடையணும். காப்பர் கேபிள் போட்டா வெளிச்சூட்ட உள்ள கடத்திரும்னு பல எடத்துல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடுறாங்க.

சிலி நாட்டுல 5000 மீட்டர் ஒசரத்துல 66 ஆன்டெனாவோட ஆல்மான்னு ஒண்ணு இருக்கு, 2019ல வந்த பிளாக் ஹோல் படத்துல அதுக்கும் பங்கு உண்டு. அங்க ஒரே நேரத்துல பாக்குற அலைவரிசை அகலத்த ரெண்டு மடங்கு, பிற்பாடு நாலு மடங்கு ஆக்கணும்னு வேலை நடக்குது. அகலம் கூடக்கூட ஹார்ன் (சிக்னல உள்ள வாங்குற புனல்), மிக்ஸர், ஆம்ப்ளிஃபயர் எல்லாம் இந்த முனைலேர்ந்து அந்த முனை வரைக்கும் ஒரே சீரா நடந்துக்கணும், கஷ்டமே அதான், கையும் மூளையும் சேந்த ஆளு வேணும்.

ஆல்மால நம்ம நாடு மெம்பர் இல்ல, இந்த வேலை நம்மூர்ல கம்மிதான், மறைக்கல. ஆனா புனே பக்கம் இருக்குற ஜிஎம்ஆர்டி ரேடியோ டெலஸ்கோப்போட ரிசீவர்கள வைட்பேண்டா, அதாவது அகலமான அலைவரிசைக்கு மாத்துனது என்சிஆர்ஏங்குற புனே ரேடியோ வானியல் மையத்து ஆளுங்கதான் (அது மீட்டர் அலை, இவ்ளோ குளிர் வேணாம்). இதே குளிர் ஆம்ப்ளிஃபயர்தான் குவாண்டம் கம்ப்யூட்டர்லயும் போகுது, நேஷனல் குவாண்டம் மிஷனுக்கு 2023ல மத்திய அரசு 6003 கோடி ஒதுக்குச்சு. ரேடார், சேட்டிலைட் பக்கமும் போலாம்.

கவுன்சிலிங் சீட்லயே ஈசிஇ சேருங்க, மைக்ரோவேவ் பேப்பர மட்டும் விட வேணாம். இல்லனா பிஎஸ்சி ஃபிசிக்ஸ், அப்புறம் காலாப்பட்டு பாண்டிச்சேரி யுனிவர்சிட்டில எம்எஸ்சி. கேட், ஜெஸ்ட்னு நுழைவுத் தேர்வு எழுதி பிஎச்டி கெடச்சா ஜேஆர்எஃப்னு ஆராய்ச்சி உதவித்தொகை மாசம் 37000 அவங்களே தருவாங்க. கல்யாணம் தள்ளிப்போவும்னு வீட்ல சொல்வாங்க, ஆமா, போவும்.

ஆனா அவளுக்கே கணக்கு புடிக்கலன்னா இதையும் திணிக்காதீங்க, மொதல்ல அவகிட்ட கேளுங்க. சித்தப்பா சண்டைக்கு வந்தா என் நம்பர குடுங்க, நான் பேசிக்கிறேன்.