தொண்டையை வருத்தாமல் குரலில் பலம்: கேள்வி பதில்

கேள்வி: வாத்தியங்கள் சேர்ந்ததும் என் குரல் அமுங்கிப்போகிறது. கத்திப் பாடினால் தொண்டை கட்டிக்கொள்கிறது. என்ன செய்வது?

பதில்: முதலில் கத்துவதை விடுங்கள். மைக் இல்லாமலே பெரிய ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டிக் கேட்கிறது ஓபரா பாடகரின் குரல். ஆர்கெஸ்ட்ராவின் ஒலி 500 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 500 அதிர்வு) பக்கம்தான் அதிகம், மேலே போகப்போகக் குறையும். நன்கு பழகிய குரலிலோ, முக்கியமாக ஆண் குரலில், 3000 ஹெர்ட்ஸை ஒட்டி ஒலி குவிகிறது. நம் காது மிகக் கூர்மையாக இருப்பதும் அங்கேதான். குரல்நாண்களுக்குச் சற்று மேலே பாதை குறுகி, அதற்கு மேல் தொண்டை விரிந்திருக்கும்போது இது நடக்கிறது. 1970களில் ஸ்வீடனைச் சேர்ந்த யோஹான் சுண்ட்பெரி இதை ஆராய்ந்து விளக்கினார்.

சரி, பயிற்சிக்கு வருவோம். வசதியான ஒரு சுருதியில் ‘ங்’ என்று பிடியுங்கள். மூக்குத்தண்டிலும் மேல் பல்வரிசையிலும் ஒரு அதிர்வு தெரியும். அதை விடாமல் மெதுவாக ‘ஆ’வுக்குத் திறங்கள். திறந்ததும் அதிர்வு தொண்டைக்குள் விழுந்துவிட்டால், சத்தத்தைக் கூட்டாமல் மறுபடி ‘ங்’கிலிருந்து தொடங்குங்கள். இது பிடிபட்டாலே பாதிக் கவலை தீரும்.

கேள்வி: "வயிற்றிலிருந்து பாடு" என்கிறார்கள். வயிற்றை உள்ளே இழுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். காற்று இருப்பது நுரையீரலில்தான். அதைச் சிக்கனமாக விடுவதுதான் விஷயம். கடைசி விலா எலும்புகளில் கை வைத்து மூச்செடுங்கள், பக்கவாட்டில் விரியும். ‘ஸ்ஸ்’ என்று சீராக விடும்போது அந்த விரிவு சட்டென்று சரியக் கூடாது. எத்தனை நொடி நீள்கிறது என்பதைவிடச் சத்தம் ஏறி இறங்காமல் வருகிறதா என்று பாருங்கள். முட்ட முட்ட மூச்சை நிரப்பிக்கொள்வதும் கெடுதல்தான், அந்த அழுத்தம் நேராகக் குரல்நாண் மேல் விழும்.

கேள்வி: மேல் ஸ்தாயியில் கழுத்து நரம்பு புடைக்கிறது.

பதில்: ஒரு ஸ்ட்ராவைத் தண்ணீரில் இரண்டு சென்டிமீட்டர் அமிழ்த்தி, அதன் வழியே ‘ஊ’ என்று கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு போங்கள். குமிழிகள் ஒரே சீராக வர வேண்டும். ஸ்ட்ராவில் உண்டாகும் எதிரழுத்தம் குரல்நாண்கள் ஒன்றோடொன்று மோதும் வேகத்தைக் குறைக்கும். சில நிமிடம் செய்துவிட்டு உடனே அதே வரியைப் பாடிப் பாருங்கள். அப்போதும் நரம்பு புடைத்தால் சுருதியை ஒரு கட்டை இறக்குங்கள், அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

கேள்வி: பாடுவதற்கு முன் வெந்நீர் குடித்தால் போதுமா?

பதில்: குடிக்கும் தண்ணீர் குரல்நாணைத் தொடுவதில்லை. தொட்டால் புரையேறிவிடும்! நாள் முழுக்கக் குடிப்பதுதான் உதவும். உடனடி ஈரத்துக்கு வெறும் நீராவி பிடிக்கலாம்.

கேள்வி: குரல் கம்மியிருக்கிறது, அடுத்த வாரம் கச்சேரி. வலி மாத்திரை போட்டுக்கொண்டு பாடலாமா?

பதில்: தயவுசெய்து வேண்டாம். வலி மறைந்தால் எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. பேச்சைக் குறையுங்கள், அழுத்திக் கிசுகிசுப்பதையும் சேர்த்துத்தான். கரகரப்பு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, பாடும்போது குரல் திடீரென்று நின்றாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்க் குரல்நாண்களைக் கேமராவில் பார்க்கச் சொல்லுங்கள். திடீரென்று நின்றிருந்தால் அன்றே போங்கள், அதுவரை ஒரு வரிகூடப் பாட வேண்டாம்.