தோப்புக்குப் போகும் ஜிம்னிக்கு 2 லட்ச ரூபாய் கடன் வாங்கலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் வசிக்கிறேன். மாதச் சம்பளம் 58,000 ரூபாய். மாருதி ஜிம்னி (நான்கு சக்கரமும் இயங்கும் ஜீப் வகை வண்டி) வாங்கிய கடனுக்கு மாதம் 16,000 ரூபாய் தவணை போகிறது. வாடிப்பட்டி அருகே சிறுமலை அடிவாரத்தில் உள்ள மாந்தோப்பில் செலவு போக ஆண்டுக்கு 90,000 ரூபாய் வரை கிடைக்கிறது. மழைக்காலத்தில் அங்கே போகும் வழியில் ஓர் ஓடையைக் கடப்பது சிரமம். ஐந்து டயர் (45,000), வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், இரும்பு பம்பர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச் எல்லாம் சேர்த்து மதுரைப் பட்டறை ஒன்றில் 2 லட்சம் கேட்கிறார்கள். 14 சதவீத வட்டியில் மூன்றாண்டுத் தனிநபர் கடன் கிடைக்கிறது. மகளின் செல்வமகள் கணக்கில் போடும் பணத்தை நிறுத்திவிட்டு இந்தத் தவணையைக் கட்டலாமா?

பதில்: வேண்டாம். இந்தக் கடனுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 6,836 ரூபாய் வரும். மூன்று ஆண்டில் வட்டி மட்டும் 46,000 ரூபாய், அதாவது நீங்கள் வாங்க நினைக்கும் ஐந்து டயரின் விலைக்கு மேல். செல்வமகள் கணக்கில் ஆண்டுக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு நடப்பில் இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதில் பணம் போட அனுமதிக்கப்படும் காலமே 15 ஆண்டுகள் என்பதால், இடையில் விட்ட மூன்று ஆண்டுகளின் கூட்டு வட்டியைப் பின்னர் ஈடு செய்வது கடினம்.

பட்டியலில் உள்ள இரும்பு பம்பரை முதலில் நீக்கிவிடுங்கள். உற்பத்தியாளரின் மூல வடிவமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியற்ற ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். ஏர்பேக் உள்ள வண்டியில் முன்பக்க இரும்புக் கம்பி மோதலின் விசையை மாற்றிவிடும் என்பதால், அபராதத்தைவிட எனக்குப் பெரிய கவலை உள்ளே உட்காரும் உங்கள் குடும்பத்தைப் பற்றியது. லிஃப்ட் கிட்டுக்கும் இதே சட்டச் சிக்கல் உண்டு. கூடவே வாரன்டியையும் காப்பீட்டு இழப்பீட்டையும் அது சந்தேகத்துக்கு உள்ளாக்கும்.

உங்கள் வண்டிக்கு 210 மில்லிமீட்டர் தரை இடைவெளி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சக்கரம் வெறுமனே சுழன்றால் அதற்கு மட்டும் பிரேக் கொடுத்து மறு சக்கரத்துக்கு விசையை அனுப்பும் ஏற்பாடும் அதில் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் பேரையூர்ப் பக்கம் மழை விட்ட மறுநாள், நண்பர் ஒருவரின் உயர்த்திய ஜிப்ஸி ஜீப்பில் போனோம். கரிசல் மண் டயர்ப் பள்ளங்களை அப்பிக்கொண்டு நான்கு சக்கரமும் வழுக்குருண்டையாகிவிட, வண்டியின் உயரம் எதற்கும் உதவவில்லை. டிராக்டர் வந்து கயிறு கட்டி இழுத்த பிறகே வீடு திரும்பினோம். உங்கள் ஓடை மணலுக்கு டயர்க் காற்றைக் குறைத்து, சிறு லீவரை 4எல் நிலைக்கு (நான்கு சக்கரமும் குறைந்த வேகத்தில் அதிக விசையோடு இயங்கும் நிலை) தள்ளி நிதானமாக ஓட்டுவதே பெரும்பாலும் போதும். அதற்குச் செலவே இல்லை. தார்ச்சாலை ஏறுவதற்கு முன் மறுபடி காற்றடிக்க வேண்டும் என்பதால் ஒரு சிறு பம்ப் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆகவே அதே அளவில் ஏ.டி. டயர்கள் (தார்ச்சாலைக்கும் மண்பாதைக்கும் ஏற்றவை), இழுவைப் பட்டை, அதை வண்டியில் மாட்டும் ஷேக்கிள், 12 வோல்ட் பம்ப் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டால் 55,000 ரூபாயில் முடித்துவிடலாம். வின்ச் தேவையா என்பதை இரண்டு மழைக்காலம் ஓட்டிப் பார்த்த பின் முடிவு செய்யுங்கள். தோப்புக்குப் போகும் வழியின் செலவைத் தோப்பே ஏற்கட்டும்: சித்திரையிலிருந்து ஆனி வரை வரும் மாம்பழப் பணத்தில் இந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்தால், ஐப்பசி மழைக்கு முன்பே டயர் மாற்றிவிடலாம்.

காப்பீட்டில் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. காற்றுக்குழாய் வழியாக இன்ஜினுக்குள் தண்ணீர் ஏறிய நிலையில் மீண்டும் ஸ்டார்ட் செய்து கனெக்டிங் ராடு வளைந்தால், அந்தச் சேதத்தைச் சாதாரண முழுக் காப்பீடு பொதுவாக ஏற்பதில்லை. எனவே அடுத்த புதுப்பித்தலின்போது இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் காப்பீட்டைக் கேட்டுச் சேருங்கள். கழற்றும் பழைய டயர்கள் அதிகம் ஓடாதவை என்றால், அவற்றைப் பட்டறையில் சும்மா விட்டுவிடாமல் விலை பேசி விற்று, அந்தப் பணத்தில் இந்த பிரீமியத்தைக் கட்டுங்கள்.