மூன்று முறை கேட்ட கேள்வி

கேள்வி: பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகன் ஊர்க் கபடி அணியில் ரெய்டர். பத்து நாட்களுக்கு முன் ஒரு போட்டியில், மடக்க வந்த பையனின் முழங்கால் நெற்றிப்பொட்டில் பட்டு விழுந்தான். சற்று நேரத்தில் எழுந்து மறுபடியும் ஆடினான். அன்றிரவு, "யார் ஜெயிச்சது?" என்று தங்கையிடம் மூன்று முறை கேட்டதை வைத்து வீடே சிரித்தது. ஸ்கேனில் ஒன்றுமில்லை, தலைவலி மட்டும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணித் தேர்வு. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் கல்லூரி இடம் கிடைக்கும் என்கிறார் கணவர். அவன் விருப்பம் என்று விட்டுவிட்டோம். அனுப்பலாமா?
- ஒரு தாய், கடலூர் மாவட்டம்

பதில்: அனுப்பக் கூடாது. நீங்கள் சிரித்துக்கொண்டே எழுதிய அந்த ஒரு வரிதான் எனக்கு முழுக் கடிதமும்.

ரக்பி மைதானத்தில் தலையில் அடிபட்டவனிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகள் தெரியுமா? இது எந்த மைதானம், கடைசியாகப் புள்ளி எடுத்தது யார், போன ஆட்டத்தில் உன் அணி ஜெயித்ததா? தடுமாறினால் அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் இல்லை. அங்கே மருத்துவர் கேட்கும் கேள்வியை இங்கே உங்கள் மகனே கேட்டிருக்கிறான், அதுவும் மூன்று முறை. 2003இல் இங்கிலாந்துக்காக ரக்பி உலகக் கோப்பை வென்ற ஸ்டீவ் தாம்ப்சன், அந்த வெற்றியே தன் நினைவில் இல்லை என்று 2020இல் சொன்னார். அது பல ஆண்டு அடிகளின் கணக்கு. உங்கள் மகனுக்கும் அப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சிரிக்கிற விஷயம் இல்லை என்பது புரிந்தால் போதும்.

ஸ்கேன் காட்டுவது ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும்தான். கன்கஷன் எனப்படும் மூளை அதிர்வு பெரும்பாலும் அதில் தெரியாது. அதற்கு மயங்கி விழ வேண்டும் என்பதும் இல்லை. பத்து நாளாகியும் தலைவலி நிற்கவில்லை என்றால் அது இன்னும் ஆறவில்லை என்றுதான் கொள்ள வேண்டும். ஆறுவதற்குள் இன்னொரு அடி பட்டால், அரிதாக என்றாலும், வளரும் பிள்ளைகளுக்கு மூளை வீங்கி உயிரே போவதுண்டு. நாலைந்து பேர் ஒருவன்மேல் விழுந்து அமுக்கும் ஆட்டத்துக்கா அவனை அனுப்பப் போகிறீர்கள்?

"அவன் விருப்பம்" என்கிறீர்களே, கபடியில் அவுட்டானவனை வெளியே உட்காரச் சொல்லும்போது அவன் விருப்பத்தையா கேட்கிறார்கள்? பிள்ளையின் கோபத்தைத் தாங்கிக்கொண்டு 'வேண்டாம்' என்று சொல்லத்தான் பெற்றோர் இருக்கிறோம். அந்தப் பொறுப்பை, அடிபட்ட அதே தலையில் தூக்கி வைத்துவிட்டு ஒதுங்குவது சுதந்திரம் கொடுப்பது ஆகாது. கல்லூரி இடத்துக்கு வேறு வழி தேடலாம் என்று உங்கள் கணவரிடமும் சொல்லுங்கள். (கபடிப் போட்டி நடத்த வெள்ளிக் கோப்பைக்கும் விளக்குகளுக்கும் வசூல் செய்கிற ஊர் விழாக் குழுக்கள், பையனை வெளியே உட்கார வைக்கும் அதிகாரத்தோடு ஒரு மருத்துவரை நிறுத்தாதவரை, என் வீட்டுப் பிள்ளையை நான் அனுப்ப மாட்டேன்.)

நரம்பியல் மருத்துவரிடம் நாளையே காட்டுங்கள். வாந்தியோ, அளவு மீறிய தூக்கமோ, கூடிக்கொண்டே போகும் தலைவலியோ இருந்தால் நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். தலைவலி முற்றிலும் நின்ற பிறகு நடை, ஓட்டம், பிடியில்லாத பயிற்சி என ஒவ்வொரு படிக்கும் ஒரு நாளாவது கொடுத்து, மருத்துவர் அனுமதித்த பிறகே களத்தில் இறங்கட்டும். பயிற்சியாளரிடம் விஷயத்தை உங்கள் கணவரே நேரில் போய்ச் சொல்லட்டும். பையன் வாயால் சொல்ல வைக்காதீர்கள். மருத்துவரிடம் போகும்போது மகளையும் அழைத்துச் செல்லுங்கள். அன்றிரவு அவன் வேறு என்னென்ன கேட்டான் என்பது அவளுக்குத்தான் தெரியும்.