மலாக்கா போகுமுன்: வாசகர் கேள்வி பதில்

பாடசாலை விடுமுறைக்கு மலேசியா போகும் குடும்பங்களின் தொகை கொழும்பில் கூடிவருகிறது. மலாக்கா ஆற்றங்கரைப் பழைய நகரத்தைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

கோலாலம்பூரில் நான்கு நாள் நிற்கிறோம். அதில் ஒரு நாள் காலையில் மலாக்கா போய் இரவு திரும்பிவிடலாமா? (வெள்ளவத்தை)

திரும்பலாம். ஆனால் பாதி நாள் தெருவிலேயே கழிந்துவிடும். கோலாலம்பூரின் தெற்குப் பஸ் நிலையமான டி.பி.எஸ்.ஸிலிருந்து மலாக்கா ஏறக்குறைய 150 கிலோமீற்றர். தெரு சும்மா இருந்தால் இரண்டு மணி நேரம், ஞாயிறு மாலை திரும்புகிறவர்களுக்கு அது மூன்றையும் தாண்டும். பஸ் இறக்கிவிடும் மெலாக்கா சென்ட்ரல் நிலையமும் பழைய நகரத்தில் இல்லை, நாலு கிலோமீற்றர் தள்ளி இருக்கிறது. "வந்துவிட்டோம்" என்று இறங்கிப் பையைத் தூக்கிக்கொண்டு நடக்கத் தொடங்காதீர்கள். அங்கிருந்து 17ஆம் இலக்க உள்ளூர் பஸ் ஓடுகிறது. மூன்று நான்கு பேர் என்றால் கிராப் செயலியில் கார் எடுப்பதுதான் வசதி.

எங்கள் யோசனை வேறு. விமான நிலையத்திலிருந்தே மலாக்காவுக்கு நேர் பஸ் இருக்கிறது. கோலாலம்பூர் நகருக்குள் போகாமல் முதலில் மலாக்கா போய் இரண்டு இரவு தங்கிவிட்டுப் பிறகு தலைநகருக்கு வாருங்கள். கொழும்பிலிருந்து இரவு விமானத்தில் போனால் மூன்றரை மணி நேரப் பறப்பு. மலேசிய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது என்பதால் விடியலோடு இறங்குவீர்கள். பஸ் டிக்கட் எடுக்கும்போது குடிவரவு வரிசைக்கென்று இரண்டு மணி நேரமாவது விட்டு எடுங்கள். விசாவை இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போக வேண்டும். டிஜிட்டல் வருகை அட்டையைப் போய்ச் சேர்வதற்கு முந்திய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். அட்டை நிரப்பியதை விசா எடுத்ததாக நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள், இரண்டும் வேறு வேறு.

ரயிலில் போகலாமா என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். மலாக்கா நகருக்கு ரயில் இல்லை. தம்பின் என்ற ஊரிலிருந்து ஒரு கிளைப்பாதை முன்பு இருந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் அந்தத் தண்டவாளங்களைக் கழற்றி சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மலாயாத் தமிழர் ஆயிரக்கணக்கில் மாண்டது அந்தப் பாதை வேலையில்தான்.

எந்தக் கிழமை நல்லது? (பம்பலப்பிட்டி)

வியாழனும் வெள்ளியும். ஜோங்கர் தெரு இரவுச் சந்தை வெள்ளி, சனி, ஞாயிறு மாலை ஆறு மணியளவில்தான் தொடங்கும். சனிக்கிழமை அறை வாடகை ஏறும், தெருவில் தோளோடு தோள் உரசித்தான் நடக்கலாம். திங்கள், செவ்வாயில் பல கடைகளும் நூதனசாலைகளும் பூட்டு.

கோட்டை என்று போனால் ஒரேயொரு வாசல்தான் நிற்கிறது என்கிறார்கள். காலிக் கோட்டை போல இல்லையா? (தெஹிவளை)

இல்லை. காலியை நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றந்தான். 1511இல் போர்த்துக்கேயத் தளபதி அல்புகெர்க்கே மலாக்காவைப் பிடித்த கையோடு ஆ ஃபமோசா என்ற இந்தக் கோட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். 1641இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். இங்கே கொழும்பு அவர்கள் கைக்கு வந்தது 1656இல். ஆங்கிலேயர் அங்கே 1795இலும் இங்கே 1796இலும் வந்தார்கள். இதுவரை இரண்டு ஊர்களின் கதையும் ஒன்றுதான். பிறகு, கோட்டை ஒருநாள் மறுபடி ஒல்லாந்தர் கைக்குப் போனால் தங்களுக்கே வினையாகும் என்று ஆங்கிலேயர் 1807இல் அதை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். பின்னாளில் சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் தலையிட்டதால் சந்தியாகு வாசல் மட்டும் தப்பியது. அதன் மேலே 1670 என்ற ஆண்டோடு ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம் இருக்கிறது, அண்ணாந்து பாருங்கள். போர்த்துக்கேயர் கட்டிய வாசலில் ஒல்லாந்தர் முத்திரை.

ஆற்றங்கரையில் இப்போது தெரியும் மிடில்பர்க் கொத்தளம் 2006இல் சுழல்கோபுரத்துக்கு நிலம் தோண்டியபோது அகப்பட்ட அடித்தளத்தின் மேல் புதிதாக எழுப்பியது. படம் எடுக்க நன்றாக இருக்கும், பழைய சுவர் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவிடாதீர்கள்.

காரோட்டியிடம் வெறுமனே "ஆ ஃபமோசா" என்று சொல்லாதீர்கள். அலோர் காஜா பக்கத்தில் அதே பெயரில் ஒரு பெரிய கேளிக்கைப் பூங்கா இருக்கிறது. செயலியிலும் இரண்டும் அடுத்தடுத்து வரும். சந்தியாகு வாசலின் போர்த்துக்கேயப் பெயரை, "போர்ட்டா டி சந்தியாகோ" என்று தட்டினால் சிக்கல் இல்லை.

வாசலுக்குப் பின்னால் படி ஏறினால் புனித பவுல் குன்று. காலை ஒன்பதுக்கு முன் ஏறிவிடுங்கள், மேலே தேவாலயத்துக்குக் கூரை கிடையாது. 1521இல் கட்டிய சிற்றாலயந்தான் பிறகு இப்படி வளர்ந்தது. சீனக் கரையோரத்தில் இறந்த சவேரியாரின் உடல் 1553இல் இங்கே சில மாதங்கள் கிடந்துதான் கோவாவுக்குப் போனது. அந்தக் குழி இப்போது கம்பி வலைக்குள் இருக்கிறது. மன்னார்ப் பக்கத்து வாசகர்களுக்கு இந்த இடத்தின் கனம் சொல்லாமலே விளங்கும். சுவரோரமாக ஆளுயரக் கல்லறைக் கற்கள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. எழுத்து வெட்டு காலைச் சாய்வெயிலில்தான் தெளிவாகத் தெரியும். இறங்கும்போது ஏறிய வழியே வராமல் மறுபக்கமாக இறங்குங்கள், ஒல்லாந்தர் காலத்துச் சிவப்புக் கட்டடங்கள் நிற்கும் சிவப்புச் சதுக்கத்தில் நேரே கொண்டுபோய் விடும்.

அந்தச் சிவப்பு ஒல்லாந்தர் பூசியதா? (மருதானை)

இல்லை, ஆங்கிலேயர் காலத்தில் பூசியது. ஸ்டாட்ஹைஸ் என்ற ஆளுநர் மாளிகை 1650ஐ ஒட்டியது, கிறிஸ்து தேவாலயம் 1753இல் முடிந்தது. தேவாலயத்துக்குள் தலையை உயர்த்துங்கள். 48 அடி நீள உத்தரங்கள், ஒவ்வொன்றும் ஒட்டுப்போடாத ஒரே மரம். தரையில் ஆர்மீனிய எழுத்துள்ள கல்லும் இருக்கிறது. உள்ளே படம் எடுக்க விடுவதில்லை. போவதற்கு முன் 1757இல் திறந்த நம் வுல்பெண்டால் தேவாலயத்தை ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுப் போங்கள். ஒரே கம்பனி, சில ஆண்டு இடைவெளியில், இரண்டு துறைமுகங்களில் என்ன கட்டியது என்பது கண்ணுக்கு நேரே தெரியும்.

மலாக்காச் செட்டிகள் நம் கொழும்புச் செட்டிகளுக்கு உறவா? அவர்களைப் பார்க்க முடியுமா? (கொட்டாஞ்சேனை)

ஒரே சமூகம் அல்ல. இரண்டுமே தமிழகத்திலிருந்து கடல் வாணிபத்துக்கு வந்த கூட்டங்கள், அந்த அளவில்தான் ஒற்றுமை. கொழும்புச் செட்டிகளில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். மலாக்காச் செட்டிகள் சைவத்தை விடவில்லை, விட்டது தமிழை. பதினைந்தாம் நூற்றாண்டுச் சுல்தான் காலத்தில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்து, அவ்விடத்துப் பெண்களை மணந்து, வீட்டில் மலாய் பேசத் தொடங்கினார்கள். பெண்கள் கெபாயா என்ற மலாய் மேற்சட்டையும் சாரோங்கும் உடுப்பார்கள், பெயரில் பிள்ளை, நாயக்கர் என்று வரும். பிற்காலத்தில் வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோடு இவர்களைச் சேர்த்துக் குழப்பக் கூடாது.

முதலில் நகருக்குள் பொய்யாத விநாயகர் கோயில். ஒல்லாந்தர் கொடுத்த காணியில் 1781இல் செட்டிகள் கட்டியது. மலேசியாவில் இன்றும் பூசை நடக்கும் இந்துக் கோயில்களில் மிகப் பழையது என்பார்கள். மத்தியானம் நடை சாத்தியிருக்கும். அதே தெருத் தொடரில் 1748இல் எழுந்த கம்போங் கிளிங் பள்ளிவாசலும் செங் ஹூன் தெங் சீனக் கோயிலும் சில நிமிட நடைக்குள். கிளிங் என்பது தென்னிந்தியரைக் குறித்த பழைய சொல். பள்ளிவாசலின் மினாரா சீனக் கோபுரம் போல அடுக்கடுக்காக நிற்கும், கூரை சுமாத்திராப் பாணி, உள்ளே தூண்கள் ஐரோப்பியப் பாணி. மலாக்காவில் ஒரேயொரு தெருதான் நடக்க நேரம் என்றால் இதில் நடங்கள். சிவப்புச் சதுக்கத்தை விட்டாலும் குறையில்லை.

அதன் பிறகு கஜா பெராங் வீதியில் உள்ள செட்டிக் கிராமம், சதுக்கத்திலிருந்து சுமார் இரண்டு கிலோமீற்றர். 1822இல் கட்டிய முத்துமாரியம்மன் கோயில் இங்கே இருக்கிறது. இதன் திருவிழாவை உள்ளூரில் டத்தோ சாச்சார் என்பார்கள், ஏப்ரல் கடைசி, மே பக்கத்தில் வரும். நூதனசாலை சின்னது, அரை மணி நேரம் போதும். போகி நாளில் செட்டிகள் முன்னோருக்கு வாழையிலை போட்டுப் படைப்பார்கள். கிராமம் வெறுங்கண்காட்சி அல்ல, ஆட்கள் குடியிருக்கும் வீடுகள். வாசலில் மாவிலை கண்டதும் உரிமையோடு உள்ளே எட்டிப்பார்க்க வேண்டாம். கேட்டால் தாங்களே கூப்பிடுவார்கள்.

அம்மாவுக்கு முழங்கால் நோவு. அவருக்கு என்ன இருக்கிறது? (மட்டக்குளி)

ஆற்றுப் படகு. போய்வர முக்கால் மணி நேரம். வெயில் தாழ ஏறினால் போகும்போது வெளிச்சத்தில் கம்போங் மோர்ட்டன் மலாய் வீடுகளைப் பார்த்து, திரும்பும்போது விளக்குகளைப் பார்க்கலாம். துறையில் படகு ஆடும், ஏறி இறங்கும்போது கை கொடுங்கள். தாமிங் சாரி சுழல்கோபுரமும் தோதானது. இருந்தபடியே 80 மீற்றர் உயரம் போய் ஊரை ஒரு சுற்றுப் பார்த்து இறங்கலாம். மின்னல், காற்று என்றால் நிறுத்திவிடுவார்கள், அந்த ஊரில் மழை பெரும்பாலும் பின்னேரம் வரும், ஆகவே காலையில் போங்கள்.

பூவும் பொம்மையும் கட்டிப் பாட்டை அலறவிடும் சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறுமுன் கூலி வண்டிக்கா ஆளுக்கா, எவ்வளவு நேரத்துக்கு என்று பேசிவிடுங்கள். தங்குமிடத்தில்தான் பலர் அகப்பட்டுக்கொள்கிறார்கள். பழைய கடைவீடுகளை அறைகளாக்கியிருக்கிறார்கள். படத்தில் அழகு, உள்ளே படிகள் செங்குத்து, நடு அறைகளுக்கு யன்னலே இராது. கீழ்மாடி அறையா, யன்னல் உண்டா என்று எழுதிக் கேட்ட பிறகே பணம் கட்டுங்கள்.

மரக்கறிக்காரர் என்ன சாப்பிடுவது? (வெள்ளவத்தை)

தெமெங்கோங் வீதிப் பக்கத்துத் தமிழ்க் கடைகளில் வாழையிலைச் சோறு கிடைக்கும். மற்ற இடங்களில் பெலாச்சான் என்ற இறால் கூழ்தான் வில்லன். கீரை வறையிலும் சம்பலிலும் அது இருக்கும், லக்சா என்ற நூடில்ஸ் குழம்பில் காய்ந்த இறால் அரைத்திருப்பார்கள். "மீன் இறைச்சி வேண்டாம்" என்றால் போதாது, "பெலாச்சான் வேண்டாம்" என்றும் சொல்ல வேண்டும். செண்டோல் என்ற குளிர்ந்த இனிப்புக்குப் பயமில்லை: தேங்காய்ப்பால், துருவிய ஐஸ், பச்சை மாவு இழை, குலா மெலாக்கா. அந்தக் குலா மெலாக்கா தென்னம் பாளைக் கருப்பட்டி, வாங்கிவரலாம். ஈரத்தில் கசியும், இரண்டு பொலித்தீன் பை போட்டுக் கட்டுங்கள்.

மட்டக்களப்புப் பறங்கியர் போல அங்கேயும் போர்த்துக்கேய மொழி பேசுகிறவர்கள் உண்டாமே? (கல்கிசை)

உண்டு. உஜோங் பாசிரில் கடலோரமாக, நகரிலிருந்து மூன்று கிலோமீற்றரில், 1930களில் உருவான குடியிருப்பு. அவர்கள் பேசும் கிறிஸ்தாங்கும் மட்டக்களப்புப் பறங்கியரின் போர்த்துக்கேயமும் ஒரே ஆசியப் போர்த்துக்கேயக் கலப்பு மொழிக் குடும்பம். பகலில் போனால் வெறுந்தெருதான் தெரியும். மாலை ஆறரைக்குப் பிறகு போய்க் கடலோரக் கடைகளில் சுட்ட மீன் சாப்பிடுங்கள், எடை போட்டு விலை கேட்ட பிறகு சுடச் சொல்லுங்கள். மீனவர் காவலர் புனித பேதுரு திருவிழா யூன் 29, படகுகளைச் சோடிப்பார்கள். அந்த வாரம் போவதானால் அறையை இரண்டு மாதம் முன்பே பிடித்துவிடுங்கள். இரவு திரும்பக் கார் கிடைப்பது சிரமம், போன காரையே எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள்.