நவம்பர் இருட்டும் வீட்டுப் பெரியவர்களும்: வாசகர் கேள்விகள்

அம்மாவுக்கு 74 வயது. மூன்று வருடமாக நவம்பர் வந்தால் கட்டிலை விட்டு எழும்ப மாட்டா, ஒருத்தரோடயும் கதைக்க மாட்டா. சம்மர் வந்தால் தானே போய் கத்தரிக்கன்று நடுவா. வயசு போனால் இப்படித்தான் என்கிறார் அண்ணா. (ஸ்கார்பரோ)

வயது சம்மரில் குறைவதில்லை. பனியோடு வந்து வெயிலோடு போவது பருவகால மனச்சோர்வு. இரண்டு குளிர்காலம் தொடர்ந்தாலே குடும்ப மருத்துவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பெரியவர்கள் 'மனசு சரியில்லை' என்று சொல்வது அபூர்வம். உடம்பு உளைகிறது, பசியில்லை, மறதி என்றுதான் சொல்வார்கள். தைராய்டும் விட்டமின் பி12-உம் ரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். சைவச் சாப்பாடும் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையும் சேர்ந்தால் பி12 குறைய வாய்ப்பு அதிகம்.

அப்பாவுக்கு லைட் பாக்ஸ் வாங்கப் போகிறேன். எத்தனை வாட்ஸ்? (லண்டன்)

மனச்சோர்வுக்கான இந்த வெளிச்சப் பெட்டிக்குக் கணக்கு வாட்ஸ் அல்ல, வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ். 10,000 லக்ஸ், புற ஊதாக் கதிரை வடிகட்டியது. காலையில் எழுந்த ஒரு மணி நேரத்துக்குள், முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைத்து அரை மணி நேரம். உற்றுப் பார்க்க வேண்டாம். தேநீரும் பேப்பருமாக உட்கார்ந்தால் போதும். மாலையில் வைத்தால் தூக்கம் கெடும்.

அப்பாவின் வயது, சர்க்கரை, கண், சாப்பிடும் மாத்திரை, ஒன்றையுமே நீங்கள் எழுதவில்லை. சர்க்கரையால் விழித்திரை பழுதானவர்களும், இதயத் துடிப்புக்கான அமியோடரோன் போல வெளிச்சம் ஒத்துக்கொள்ளாத மாத்திரை சாப்பிடுபவர்களும், இருமுனை மனநோய் உள்ளவர்களும் கேட்காமல் அந்த விளக்கின் முன் உட்காரக் கூடாது. முதலில் கண் மருத்துவர், அப்புறம் விளக்கு.

மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடம். பேஸ்மென்ட்டில் தனி ரூம், டிவி, ஹீட்டர் எல்லாம் இருக்கு. பகலில் சின்னவனைப் பார்க்கிறா. ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் அழுதுகொண்டே இருக்கிறா. (பிராம்ப்டன்)

ஒவ்வொரு குளிர்காலமும் இதே கடிதம் வருகிறது, ஊர்தான் மாறுகிறது. படித்ததும் மனம் கொதிக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணி நேரம். டிசம்பரில் உங்கள் ஊர்ப் பகல் ஒன்பது மணி நேரம். ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும். அந்த ஒன்பதையும் அவர் நிலத்துக்குக் கீழே கழிக்கிறார். கூரையோரம் இருக்கும் சாண் அகல ஜன்னலையும் பனி மூடிவிடும். உடம்பின் கடிகாரம் காலை வெளிச்சம் கண்ணில் விழுந்தால்தான் சரியாக ஓடும். ஹீட்டர் அந்த வேலையைச் செய்யாது.

மேலே ஆபீஸ் ரூம் என்று ஒன்று வைத்திருப்பீர்கள். மார்ச் வரைக்குமாவது அதை மாமிக்குக் கொடுத்துவிட்டு உங்கள் கணினியைக் கீழே இறக்குங்கள். முடியவே முடியாதென்றால், காலைச் சாப்பாடு மேல்மாடி ஜன்னலோரம், திரையை முழுக்க விலக்கி. மதியம் இருபது நிமிடம் வெளியே நடக்கட்டும். மேகம் மூடிய நாளிலும் வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு. சப்பாத்துக்கு அடியில் ஐஸ் முள் பட்டி மாட்டாமல் அனுப்பாதீர்கள், இந்த வயதில் இடுப்பெலும்பு உடைந்தால் எழுந்து நடப்பதே பெரும்பாடு. தரை உறைந்த நாளில் மாலுக்குள் நடக்கலாம்.

அப்புறம், சின்னவன். வாரத்தில் இரண்டு நாளாவது மாமியை அந்தப் பொறுப்பிலிருந்து விடுவியுங்கள். கோயிலோ, முதியோர் சங்கமோ, தன் வயதுக்காரரோடு பேச ஓர் இடம் வேண்டும். ஊரை விட்டு வந்த துக்கமும் இதில் இருக்கலாம். 'எல்லாம் இருக்கிறதே, ஏன் அழுகிறீர்கள்' என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க் கதையைக் கேளுங்கள். இரண்டு வாரத்தில் அழுகை குறையாவிட்டால் மருத்துவர்.

விட்டமின் டி போதுமா? (ஆஸ்லோ)

எலும்புக்கு வேண்டும். ஆனால் 50 வயது தாண்டிய சுமார் 18,000 பேருக்கு ஐந்து ஆண்டு கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வில் அது மனச்சோர்வைத் தடுக்கவில்லை.

டிப்ரெஷனுக்கு நல்ல மாத்திரை பெயர் சொல்லுங்கள். (ஊர் இல்லை, வயது இல்லை)

சொல்ல மாட்டேன். 65 தாண்டியவர்களுக்கு இந்த மாத்திரைகளில் பல சோடியத்தைக் குறைக்கும், தலைசுற்றி விழவும் வைக்கும். நீர் மாத்திரையும் சேர்ந்தால் ஆபத்து கூடுதல். மூலிகைதானே என்று செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கொடுக்கிறவர்களுக்கும் சொல்கிறேன்: அது ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் வார்ஃபரினின் வேலையைக் கெடுத்துவிடும். தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவர் சொல்லித்தான்.

'நான் போய்ச் சேர்ந்தால் எல்லாருக்கும் நிம்மதி' என்று அப்பம்மா அடிக்கடி சொல்றா. (மார்க்கம்)

பேச்சுக்குச் சொல்வதாக விட்டுவிடாதீர்கள். உயிரை விட்டுவிட நினைக்கிறீர்களா என்று இன்றே நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. மாத்திரைகளைப் பூட்டி வையுங்கள், தனியே விடாதீர்கள். உதவி எண்கள்: கனடாவில் 988, பிரிட்டனில் 116 123, இந்தியாவில் 14416, எந்நேரமும் அழைக்கலாம்.

டிசம்பர் முதல் மார்ச் வரை அப்பாவை ஊருக்கு அனுப்பலாமா? (டொரோண்டோ)

கவனிக்க ஆள் இருந்தால் தாராளமாக. ஒன்டாரியோ மாகாண மருத்துவக் காப்பீடான ஓஹிப் அட்டைக்குப் பன்னிரண்டு மாதத்தில் 153 நாள் மாகாணத்தில் இருந்தால் போதும். முதியோருக்கான வருமான உதவித்தொகை (ஜிஐஎஸ்) வாங்குபவர் கனடாவுக்கு வெளியே ஆறு மாதம் தாண்டினால் அது நின்றுவிடும். மாத்திரை முழுக் காலத்துக்கும் கையில் இருக்கட்டும். திரும்புவது மார்ச் கடைசியில் இருக்கட்டும், அதற்குள் பகல் பன்னிரண்டு மணி நேரம் ஆகிவிடும்.