புதுக் குறுக்குவில்லை எப்பிடிச் சோதிக்கிறது? பெட்டியில விநாடிக்கு 400 அடி எண்டு போட்டிருக்கு, நம்பலாமோ?

நீங்கள் யாழ்ப்பாணத்தில இருந்து கேக்கிறீங்கள் எண்டு வைச்சுத்தான் எழுதுறன். வைச்சிருக்கலாமோ, சுடலாமோ எண்டதைப் பொலிசில கேட்டு முடிச்சிட்டு மிச்சத்தை வாசியுங்கோ. "ஆயுதம் பழக்கிறியளோ" எண்டு கீழ வந்து கேக்கப் போறவைக்கும் மறுமொழி அதுதான். கனடாவில இருந்து வாசிக்கிறவைக்கு: 500 மில்லிமீற்றரைத் தாண்டாத நீளமும், ஒற்றைக் கையால சுடுற மாதிரிச் செய்ததும் அங்க தடை.

400 எண்டது பொய் எண்டு சொல்லமாட்டன். எந்த அம்போட 400 எண்டதுதான் கேள்வி. அம்பின்ரை பாரத்தைக் குறைச்சால் வேகம் ஏறும், அடிக்கிற பலம் ஏறாது. கிரேன் எண்ட சின்ன நிறை அளவில பாரம், விநாடிக்கு அடியில வேகம். வேகத்தை வேகத்தால பெருக்கி, பாரத்தாலயும் பெருக்கி, 450240 ஆல பிரிச்சால் அந்தப் பலம் வரும். 400 கிரேன் அம்பு 330 இல போனால் 97 அடி-இறாத்தல் வரும். 350 கிரேன் 350 இல போனால் 95 தான். கைநூலில போட்டிருக்கிற குறைஞ்ச பாரத்துக்குக் கீழ ஒருநாளும் போகாதேங்கோ. அது வெறும் நாணை விட்டதுக்குக் கிட்டத்தட்டச் சமன். அம்பில்லாமல் விட்டால் அந்தச் சக்தி முழுக்க வில்லின்ரை கையிலயும் (வளையிற இரண்டு பக்கமும்) கப்பியிலயும் நாணிலயும்தான் இறங்கும். அதைத் தடுக்கிற பூட்டு வேலை செய்யுதோ எண்டு அம்பில்லாமல் விசையை அமத்திப் பாக்கிற கெட்டிக்காரரும் இருக்கினம். வேண்டாம்.

சுட முதல் செய்யவேண்டிய வேலைதான் கூட. பஞ்சை எடுத்து வில்லின்ரை இரண்டு கையையும் நுனியில இருந்து அடிவரைக்கும் தடவுங்கோ. பஞ்சு இழுபட்டால் அந்த இடத்தில நார் கிளம்பியிருக்கு, திருப்பிக் குடுக்கிறதுதான் வழி. பசை பூசிச் சுடலாம் எண்டு ஆரும் சொன்னால் அவரையே முதல் சுடச் சொல்லுங்கோ. பிறகு நாணுக்கும் கையின்ரை அடிக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் ஒரே இடத்தில அளந்து எழுதி வையுங்கோ. இரண்டும் ஒத்து வரவேணும். கப்பி உள்ள வில்லெண்டால் கப்பியில இருக்கிற அடையாளங்களும் இரண்டு பக்கமும் ஒரேமாதிரி நிக்கவேணும்.

அம்பை எலெக்ரோனிக் தராசில போடுங்கோ. கஸ்தூரியார் வீதி நகைக்கடையளில இருக்கிறமாதிரி 0.01 கிராம் காட்டுறது காணும். ஒரு கிரேன் 0.065 கிராம். இரண்டு மூண்டு கிரேனுக்குள்ள நிக்கிறதை ஒரு கூட்டமாக் கட்டுங்கோ. காபன் அம்பை மெல்ல வளைச்சுக் காதில வைச்சுக் கேளுங்கோ, நறநறத்தால் எறியவேண்டியதுதான். குதை, அதுதான் அம்பின்ரை வாலில நாண் பொருந்துற துண்டு, தட்டையோ, அரைவட்டமோ, நாணைக் கவ்வுறதோ எண்டு கைநூலில இருக்கும். மாத்திப் போட்டால் நாண் அம்புக்கு மேலாலயோ கீழாலயோ வழுக்கிப் போகும். அதுவும் வெறும்நாண் கதைதான்.

இழுக்கேக்க கயிறு பாவியுங்கோ. கயிறு பாரத்தைப் பாதியாக்கும், அதைவிட நாணை நடுவில பிடிக்கும். நாண் சும்மா நிக்கேக்க, ரெயிலின்ரை (அம்பு கிடந்து ஓடுற தண்டு) இரண்டு பக்கமும் நாணில பேனையால கோடு போட்டு வைச்சால், இழுத்தபிறகு எந்தப் பக்கம் சரிஞ்சதெண்டு தெரியும். இடம் வலமா அம்பு சிதறுறதுக்கு முக்கால்வாசிக் காரணம் இதுதான், குறிபாக்கிற ஸ்கோப் இல்லை. வில்லை முன்னால தாங்கிற கையின்ரை பெருவிரல் ரெயிலுக்குக் கீழ நிக்கட்டும். நாண் விரலைப் பாத்துப் போகாது.

எங்கட ஊரில கரைச்சல், தடுக்க ஒரு மேடு கிடையாது. தோட்டவெளி முழுக்கத் தட்டை, தூரத்தில ஆரோ மிளகாய்க்குத் தண்ணி கட்டிக்கொண்டு நிப்பினம். கிடுகு வேலி அம்பை மறிக்காது. கல் மதிலில பட்டால் எங்க தெறிக்கும் எண்டில்லை. பனங்குத்தியில சுட்டால் முனை உள்ள நிக்க, தண்டு மட்டும் கையோட வரும். உரப்பையில பழைய உடுப்பை, தெறியும் சிப்பும் வெட்டிப்போட்டு, இறுக்கி அடையுங்கோ. ஒண்டரை அடித் தடிப்பாவது வேணும். அதுக்குப் பின்னால மணல்மூட்டை. சோளகம் அடிக்கிற மாசங்களில விடியப்புறம்தான் சரி.

10 யாரில தொடங்கி 20க்குப் போங்கோ. மூண்டு அம்பு, மூண்டு வேற புள்ளி. ஒரே புள்ளியில சுட்டால் முதல் அம்பின்ரை குதை உடையும். ஒரு கிளிக் 100 யாரில கால் இஞ்சி நகத்துற ஸ்கோப் எண்டால், 20 யாரில ஒரு இஞ்சிக்கு 20 கிளிக் திருப்பவேணும். 330 வேகத்தில 20க்குச் சரிக்கட்டின வில், 40 யாரில ஏறக்குறைய ஒரு அடி கீழ அடிக்கும். அது வில்லின்ரை பிழை இல்லை. மூண்டு அம்பும் ஒரேமாதிரி விலகினால் வில் நல்லது, ஸ்கோப்பைத் திருப்பினால் முடிஞ்சுது. ஒவ்வொண்டும் ஒவ்வொரு திக்கில போனால்தான் யோசிக்கவேணும். இழுத்த வில்லைக் கையால தளர்த்தப் பாக்காதேங்கோ. அதுக்கெண்டு பொறி இல்லாட்டி பழைய அம்பொண்டை மூட்டையில விட்டு இறக்குங்கோ.

சுட்டு முடியப் பழைய அளவுகளைத் திரும்ப எடுங்கோ, புது நாண் கொஞ்சம் நீளும். மெழுகு நாணுக்கு மட்டும், நடுவில சுத்தின நூலுக்கு இல்லை. மெழுகுதிரி உதிரும், பூசாதேங்கோ. ஆணியளையும் ஒருக்கா இறுக்கவேணும், அதுக்கு நல்ல அலன் கீ (ஆறுமூலைச் சாவி) தேடிப் பாருங்கோ. இப்ப கடையளில தொங்குறது முக்கால்வாசி ஈயம்மாதிரி, இரண்டு திருப்பில மூலை மழுங்கி ஆணித் தலையையும் திண்டிடும். மில்லிமீற்றரையும் இஞ்சியையும் ஒரே பெட்டியில கலந்து வைச்சு, "எல்லாம் ஒண்டுதான் தம்பி" எண்டு விக்கிறவையோட எப்பிடிக் கதைக்கிறது?